எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதா, குறைப்பதா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதும் வாசகிக்கு 31 வயது. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தவர், வீட்டில் டியூஷன் எடுக்கிறார். ஒன்றரை வருடமாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற முடக்குவாதம். வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின். ஆனாலும் காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, வீக்கமும் வடியவில்லை. டாக்டர் டோஃபாசிட்டினிப் மாத்திரையைச் சொல்லியிருக்கிறார். அதை ஆரம்பிக்கும் முன் எடுத்த இக்ரா என்ற காசநோய் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். மார்பு எக்ஸ்ரேயில் கோளாறு இல்லை.

மாமியார், “உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லாததால்தான் இதெல்லாம்” என்று ஒரு பொடியைத் தினமும் வெந்நீரில் கலந்து தருகிறார். எட்டு வயது மகனுக்கு வீசிங், தோல் அரிப்பு; மூச்சு வாங்கும்போது மட்டும் இன்ஹேலர் தருகிறார்கள். வீட்டில் மாமனார் பீடி பிடிப்பவர். குழந்தைகள் டாக்டர் அதை “டிஹெச்-2 வகை அலர்ஜி” என்றாராம். உதவி டி செல் என்ற வெள்ளை அணுவின் வகைகளான டிஹெச்-1, டிஹெச்-2 இரண்டும் தராசுத் தட்டுகள் மாதிரி என்று இணையத்தில் படித்திருக்கிறார். “எனக்கு ஒரு தட்டைக் குறைத்தால் இன்னொன்று ஏறி எனக்கும் வீசிங் வருமா? மகனுக்கு டிஹெச்-1-ஐக் கூட்ட மாத்திரை வாங்கித் தரலாமா? சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் எனக்கு டி.பி. வந்துவிடாதா? ஒரே செல் எப்படி இவ்வளவு விதமாக மாறுகிறது? விளக்கினால் எனக்குப் புரியும்” என்று கேட்கிறார். கடைசி வரியில், “அடுத்த வருடம் இரண்டாவது குழந்தைக்கு யோசித்திருந்தோம், அதுவும் தள்ளிப்போகுமோ என்னவோ” என்றும் எழுதியிருக்கிறார்.

பதில்:

அன்புச் சகோதரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். குழந்தைக்கு முயற்சி செய்யும் எண்ணம் இருப்பதை உங்கள் மூட்டுநோய் டாக்டரிடம் சொன்னீர்களா? கடிதத்தைப் படித்தால் சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த முறை போகும்போது முதலில் அதைச் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் கருவுக்கு ஆபத்தான மருந்து. கருத்தரிக்கும் முன்பே, ஒன்றிலிருந்து மூன்று மாதம் முன்னதாக, டாக்டர் சொல்படி நிறுத்த வேண்டியது. டோஃபாசிட்டினிப்பையும் அந்தக் காலத்தில் எடுக்கக் கூடாது, நிறுத்திக் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும். உங்களுக்கு எந்த மருந்து என்பதே இந்த ஒரு தகவலால் மாறக்கூடும். அதுவரை கருத்தடை முறையை விடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட செல்லுக்கு வருவோம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயங்களில் பாதி, எதிர்ப்பு சக்தி என்பது டேங்க் தண்ணீர் போலக் கூடும், குறையும் என்று நினைப்பதால் வருகிறது. உங்கள் உடம்பில் நடப்பது அளவுப் பிரச்சினை இல்லை. செல்லுக்குள் எந்தச் செய்தி போய், அது எந்த வேலைக்குத் திரும்பியது என்கிற பிரச்சினை.

அந்த செல் எப்படி முடிவெடுக்கிறது?

தைமஸ் சுரப்பியிலிருந்து வெளியே வரும்போது உதவி டி செல்லுக்கு எந்தத் தனி வேலையும் கிடையாது. ரத்தத்துக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அந்த நெறிதான் அது கிருமியைப் பற்றிய தகவலைப் பெறும் இடம். தகவலைக் கொண்டுவருவது, கிருமியைப் பிடித்துக் காட்டும் டென்ட்ரிடிக் செல்.

அங்கே மூன்று செய்திகள் கிடைக்க வேண்டும். கிருமியின் புரதத் துண்டு ஒன்று டி செல்லின் ஏற்பியில் பொருந்துவது முதல் செய்தி. பொருந்தியதும் உள்ளே எல்.சி.கே., ஸாப்-70 என்ற நொதிகள் வரிசையாக விழிக்கும், கால்சியம் ஏறும், கால்சினியூரின் வேலை செய்யும். கிட்னி மாற்று செய்தவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் இந்தக் கால்சினியூரினைத்தான் தடுக்கிறது. இரண்டாவது செய்தி, டி செல்லின் சிடி-28 என்ற புரதம் வழியாக வருவது. முதலாவது மட்டும் கிடைத்து இது கிடைக்காவிட்டால் செல் மரத்துப்போய்விடும். நம் சொந்தத் திசுவை டி செல் தாக்காமல் இருக்க இது ஒரு பாதுகாப்பு. உங்கள் நோய்க்கே தரப்படும் அபாட்டாசெப்ட் என்ற மருந்து இந்த இரண்டாவது செய்தியை மறிக்கிறது.

மூன்றாவது செய்திதான் செல் எந்த வகையாக மாறும் என்பதைப் பெருமளவு முடிவு செய்கிறது. அது சுற்றியுள்ள சைட்டோகைன்களிடமிருந்து, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் புரதங்களிடமிருந்து, வருகிறது. உங்கள் டியூஷன் பிள்ளைகள் பத்தாவது முடித்து பிளஸ் ஒன்னில் குரூப் எடுப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் அதே பையன். மார்க், வீட்டில் சொல்வது, பள்ளியில் கிடைக்கும் இடம் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் தள்ளும். சேர்ந்த பிறகு மாறுவது கஷ்டம், ஆனால் சிலர் மாறுவதும் உண்டு.

இன்டர்லூக்கின்-12, இன்டர்ஃபெரான்-காமா இரண்டும் இருந்தால் உள்ளே ஸ்டாட்-4, ஸ்டாட்-1 என்ற புரதங்கள் இயங்கி, டி-பெட் என்ற மரபணு இயக்கியை எழுப்பும். செல் டிஹெச்-1 ஆகும். காசநோய்க் கிருமி போல செல்லுக்குள் ஒளிந்திருப்பவற்றுக்கு இந்த வகைதான் வேண்டும். இன்டர்லூக்கின்-4 வந்தால் ஸ்டாட்-6, அதன் பின் கேட்டா-3. செல் டிஹெச்-2. குடல் புழுக்களை விரட்டுவதற்கு உதவும் வகை, அலர்ஜியும் இதன் வழியாகத்தான். இன்டர்லூக்கின்-6-ம் டி.ஜி.எஃப்.-பீட்டாவும் சேர்ந்தால் ஸ்டாட்-3 வழியாக டிஹெச்-17. பூஞ்சையையும் சில பாக்டீரியாக்களையும் தடுக்கும், கட்டுமீறினால் மூட்டையும் தோலையும் கெடுக்கும்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது டி.ஜி.எஃப்.-பீட்டா. இன்டர்லூக்கின்-6 பக்கத்தில் இருந்தால் அழற்சியைத் தூண்டும் டிஹெச்-17-ஐ உருவாக்கும் அதே பொருள், அது இல்லாமல் இன்டர்லூக்கின்-2-உடன் வந்தால் ஃபாக்ஸ்-பி-3 என்ற இயக்கியை எழுப்பி, அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்லை உருவாக்குகிறது. 2025-ல் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது இந்த ஒழுங்குபடுத்தும் செல்களைப் பற்றிய வேலைக்காகத்தான். ஆக, பொருளை மட்டும் பார்த்து ‘இது நல்லது, இது கெட்டது’ என்று சொல்ல வழியில்லை. கூட எது வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நீங்கள் சாப்பிடப்போகும் மாத்திரைக்கு இப்போது வரலாம். சைட்டோகைன் செல்லுக்கு வெளியே வந்து ஏற்பியில் ஒட்டும். அந்தச் செய்தியை உள்ளே கடத்துவது ஏற்பியின் அடியில் ஜோடியாக இருக்கும் ஜேக் என்ற நொதிகள். மொத்தம் நான்கு: ஜேக்-1, 2, 3, பிறகு டைக்-2. இவை பாஸ்பேட்டை ஏற்ற, ஸ்டாட் புரதங்கள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும். டோஃபாசிட்டினிப் முக்கியமாக ஜேக்-1, ஜேக்-3 இரண்டையும் தடுக்கிறது. டி செல்களை அது கொல்வதில்லை. வெளியே சைட்டோகைன் இருந்தாலும் உள்ளே செய்தி மங்கலாகத்தான் போகும். மாத்திரை ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் மூன்று மணி நேரம்தான், அதனால்தான் பொதுவாக ஒரு நாளைக்கு இரண்டு வேளை. நிறுத்தினால் தடையும் விலகும்.

தராசுக் கணக்கு ஏன் இங்கே செல்லாது?

நீங்கள் படித்தது முழுப் பொய் இல்லை, பழைய பாடம். 1986-ல் மோஸ்மனும் காஃப்மனும் எலியின் உதவி டி செல்களில் இரண்டு வகை இருப்பதைக் காட்டினார்கள். டி-பெட் கேட்டா-3-ஐ அடக்கும், கேட்டா-3 டிஹெச்-1 வழியை அடக்கும், ஆகவே ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற எண்ணம் பரவியது. தொழுநோயில் இது கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே இருக்கும். டிஹெச்-1 வலுவாக இருப்பவருக்கு சில தேமல்களோடு கிருமி அடங்கிக் கிடக்கும், டிஹெச்-2 பக்கம் சாய்ந்தவருக்கு உடம்பெல்லாம் பரவும். ஆனால் 2005 வாக்கில் டிஹெச்-17 தனி வகை என்று தெளிவானபோது இரண்டு தட்டுக் கணக்கு உடைந்தது. டிஹெச்-1 நோய் என்று நாங்கள் படித்த முடக்குவாதத்திலேயே டிஹெச்-17, எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பி செல்களுக்கு உதவும் டி செல், ஒழுங்குபடுத்தும் செல்களின் தளர்ச்சி என்று பலதும் கலந்திருப்பது தெரியவந்தது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இந்த மாத்திரையால் டிஹெச்-2 ஏறி உங்களுக்கு வீசிங் வரும் என்று பயப்படக் காரணம் இல்லை. டிஹெச்-2-வை உருவாக்கும் இன்டர்லூக்கின்-4 தன் செய்தியை அனுப்புவதும் ஜேக்-1, ஜேக்-3 வழியாகத்தான். அந்த வழியும் சேர்ந்தே மங்கும். சொல்லப்போனால், ஜேக்-1-ஐக் குறிவைக்கும் உபாடாசிட்டினிப், அப்ரோசிட்டினிப் இரண்டும் கடுமையான தோல் அலர்ஜிக்கே தரப்படும் மருந்துகள்.

இக்ரா பாசிட்டிவ் என்றால்...

‘எதிர்ப்பு சக்தி இல்லை’ என்ற உங்கள் மாமியாரின் வாதத்துக்கு உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டே பதில் சொல்கிறது. இக்ரா கிருமியைத் தேடுவதில்லை. உங்கள் ரத்தத்தில் காசநோய்க் கிருமியின் புரதத் துண்டுகளைச் சேர்த்து, டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கின்றனவா என்று பார்க்கிறது. சுரந்தன. அதாவது எப்போதோ உள்ளே வந்த கிருமியை உங்கள் டி செல்கள் சந்தித்து, டிஹெச்-1 ஆகி, இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன. பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசியால் இது பாசிட்டிவ் ஆகாது. பி.சி.ஜி. கிருமியில் அந்தக் குறிப்பிட்ட புரதங்கள் இல்லை. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது, நெருக்கமான வடசென்னைத் தெருக்களில் இந்த ரிசல்ட் வருவது அதிசயமும் இல்லை, அவமானமும் இல்லை. இருமல், காய்ச்சல், எடைக் குறைவு இல்லாமல் எக்ஸ்ரேயும் சரியாக இருந்தால் இதற்கு மறைந்த தொற்று என்று பெயர். மற்றவர்களுக்கு ஒட்டாது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அதே நேரம் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்த டிஹெச்-1 செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமாதான் கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களைத் தூண்டிக் கிருமியை அடக்கி வைக்கிறது. அந்தச் செய்தியும் ஜேக்-1 வழியாகப் போவதுதான். சாதாரணமாக, மறைந்த தொற்று உள்ளவர்களில் வாழ்நாளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் நோய் கிளம்பும். இந்த மருந்துகளால் அந்த ஆபத்து கூடும். அதனால்தான் உங்கள் டாக்டர் முன்கூட்டியே பரிசோதித்திருக்கிறார். தடுப்பு சிகிச்சையை ஆரம்பித்து, பொதுவாக ஒரு மாதமாவது ஆன பிறகே மூட்டு மாத்திரை. தடுப்பு மருந்து தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் அரசு மையங்களில் இலவசம்.

எந்தத் தடுப்பு மருந்து என்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஐசோனியாசிட் ஆறு மாதம் என்பது ஒரு முறை, ஐசோனியாசிட்டோடு ரிஃபாபென்டின் வாரம் ஒரு முறை பன்னிரண்டு வாரம் என்பது இன்னொன்று. ரிஃபாபென்டின், ரிஃபாம்பிசின் இரண்டும் டோஃபாசிட்டினிப்பை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும், கருத்தடை மாத்திரையையும் பலமிழக்கச் செய்யும். ஐசோனியாசிட் கல்லீரலைத் தொடும், மெத்தோட்ரெக்சேட்டும் தொடும். மூட்டுநோய் டாக்டர், காசநோய் டாக்டர் இருவரும் மற்றவர் எழுதிய சீட்டைப் பார்த்தாக வேண்டும். சீட்டுகளை எல்லாம் ஒரே ஃபைலில் போட்டுக்கொண்டு போங்கள்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

டோஃபாசிட்டினிப்பின் நன்மை: ஊசி இல்லை, சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரியும். ஆபத்துகள்: அக்கி வரும் வாய்ப்பு கூடும், கொழுப்பு ஏறலாம், ரத்த அணுக்கள் குறையலாம், ஆகவே ரத்தப் பரிசோதனையை விடக் கூடாது. உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் போடக் கூடாது. அக்கிக்கு உயிரற்ற தடுப்பூசி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். மாரடைப்பு, ரத்தக்கட்டு, புற்றுநோய் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அமெரிக்க மருந்துத் துறை 2021-ல் அந்த எச்சரிக்கையைக் கடுமையாக்கியது உண்மைதான். அதற்கு அடிப்படையான ஆய்வு, 50 வயதைக் கடந்து இதயநோய்க்கான ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ளவர்களிடம் செய்யப்பட்டது. 31 வயதில், புகைப்பழக்கமோ இதயநோயோ இல்லாதவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. முன்பு காலில் ரத்தம் உறைந்ததுண்டா என்பதை மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்று நீங்களும் கணவரும் உறுதியாக இருந்தால், நான் உங்கள் டாக்டரின் இடத்தில் இருந்தால் இந்த மாத்திரையை இப்போது தொட யோசிப்பேன். ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் கர்ப்பத்தோடு ஒத்துப்போகும். அவை போதாவிட்டால் டி.என்.எஃப். என்ற சைட்டோகைனை மறிக்கும் ஊசிகளில் செர்டோலிசுமாப் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போவது மிகக் குறைவு. விலை கையைக் கடிக்கும், காசநோய் எச்சரிக்கை அதற்கும் அப்படியே உண்டு. இன்னொரு வழி, ஒரு வருடம் நோயை நன்றாக அடக்கிவிட்டு, மருந்தை மாற்றிக்கொண்டு பிறகு முயற்சிப்பது. மூட்டு வீங்கியிருக்கும்போதே கருத்தரிப்பதைவிட, நோய் அடங்கிய பிறகு கருத்தரிப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லது. எதுவும் வேண்டாம், வலியோடு இருந்துகொள்கிறேன் என்பதை மட்டும் ஒரு வழியாக எண்ணாதீர்கள். அரித்துப்போன மூட்டு எலும்பு திரும்ப வளராது.

இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை, டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. செலவு தாங்கவில்லை என்றால் சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.ஹெச்.சில் மூட்டுவாத நோய்களுக்குத் தனித்துறை இருக்கிறது.

பையனுக்கு

டிஹெச்-1-ஐக் கூட்டும் மாத்திரை என்று ஒன்றை மருந்துக்கடையில் வாங்கித் தர முடியாது. அப்படிச் சொல்லி விற்பதை வாங்காதீர்கள். காற்றுக்குழாயின் மேல்தோல் செல்கள் தூசு, புகையால் எரிச்சலடைந்து டி.எஸ்.எல்.பி., இன்டர்லூக்கின்-33 போன்ற செய்திகளை அனுப்புகின்றன. அவை டி செல்லை டிஹெச்-2 பக்கம் தள்ளுகின்றன. பிறகு இன்டர்லூக்கின்-5 ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களை அழைக்கும், இன்டர்லூக்கின்-13 சளியைக் கூட்டும். இந்தத் தொடரை அடக்குவது ஸ்டீராய்டு இன்ஹேலர். மூச்சு வாங்கும்போது மட்டும் தருகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் தினமும் என்று எழுதியிருந்தால் தினமும்தான் தர வேண்டும், இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் வைத்து, பிறகு வாய் கொப்பளித்து. பழகிவிடும் என்ற பயம் வேண்டாம். திடீரென்று மூச்சு வாங்கும்போது தருவது வேறு இன்ஹேலர், அதையும் கையில் வைத்திருங்கள்.

கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையையோ எண்ணூர் பக்கத்து லாரிப் புகையையோ உங்களால் நிறுத்த முடியாது. வீட்டுக்குள் கொசுவர்த்தி, சாம்பிராணி, மாமனாரின் பீடி மூன்றையும் நிறுத்தலாம். பீடிப் புகை உங்கள் மூட்டுக்கும் ஆகாது. கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஈசினோஃபில் ஏறினாலே அலர்ஜி என்று முடிவுகட்டக் கூடாது, நம் ஊரில் குடல் புழுவும் அதை ஏற்றும். எண்ணிக்கை 3000-ஐத் தாண்டி, இரவில் விடாமல் இருமினால், யானைக்கால் கிருமியால் வரும் நுரையீரல் ஈசினோஃபிலியாவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மருந்தே வேறு.

அந்தப் பொடி

மாமியாரிடம் சண்டை வேண்டாம், அவர் அக்கறையில்தான் தருகிறார். ஆனால் பொடியை இப்போதைக்கு நிறுத்துங்கள். ‘சக்தி கூட்டும்’ பொடிகள் பலவற்றில் சீந்தில் இருக்கும். 2021-ல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்டவர்களிடம் கல்லீரல் அழற்சியைப் பதிவு செய்தார்கள். மெத்தோட்ரெக்சேட்டும், வரப்போகும் ஐசோனியாசிட்டும் இருக்கும் கல்லீரலுக்கு மூன்றாவது சுமை தேவையில்லை. லேபிள் இல்லாத சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு, குடித்த மறுவாரமே வலி குறைந்தது என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன். எத்தனை மாதமாகக் குடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பல மாதம் என்றால் நிறுத்துவதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் சட்டென்று நிறுத்துவது உடம்பைச் சாய்த்துவிடும். டப்பாவை அப்படியே கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள், அன்றைக்கே கல்லீரல் பரிசோதனைக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.